மூன்றாம் இறக்கையின் காசு

ஆஸ்டின் டவுனில் கோவிந்தப்பாவின் வீட்டு முன்னறையை வாடகைக்குக் கேட்டு நோரா வந்தபோது, அந்த அறையைப் பற்றிச் சிறப்பாகச் சொல்லிக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் இருந்தது. உத்தரத்துக் கொக்கியில் ஒரு மின்விசிறி தொங்கியது. அந்த வரிசையில் வேறெந்த வீட்டிலும் மின்விசிறி கிடையாது. பெங்களூரின் குளிருக்கு அது எதற்கு என்று கேட்பவர்களே அதிகம். வெள்ளைக்காரப் பட்டாள அதிகாரி ஒருவரிடம் பதினெட்டு ஆண்டுகள் பட்லராக இருந்த கோவிந்தப்பாவுக்கு, அந்த அதிகாரி ஊரைவிட்டுக் கப்பலேறும்போது கொடுத்துவிட்டுப் போன பொருள் அது.

நோரா அந்த மின்விசிறியை விரும்பியது காற்றுக்காக அன்று, அதன் ஓசைக்காக. பெரிய ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு நர்ஸாக இருந்த அவளுக்கு அப்போது இரவு டியூட்டி. ஊரெல்லாம் விழித்துக்கொண்டு தத்தம் சத்தங்களைத் தொடங்கும் வேளையில் அவள் உறங்கியாக வேண்டும். எதிர்வீட்டுத் தகரக்காரர் வாளிக்கு அடி தட்டுவார். தெருக்குழாயில் குடங்கள் மோதும். குடங்களைவிட உரக்க, குடம் கொண்டுவந்தவர்கள் மோதிக்கொள்வார்கள். இவை அத்தனைக்கும் முன்னால் ஒரு திரையை இழுத்துவிட்டாற்போல, மின்விசிறி 'ஹ்ம்ம்' என்று ஒரே சுரத்தில் முனகிக்கொண்டிருக்கும். அந்த முனகலுக்குள் அவள் எட்டு மணி நேரம் கிடப்பாள்.

ஆயுத பூஜையன்று வரையில் அப்படித்தான் நடந்தது.

பூஜைக்கு முந்தின நாள் மாலை, நோரா டியூட்டிக்குப் புறப்பட்டுப் போன பின்பு, கோவிந்தப்பாவின் மனைவி சின்னத்தாயி மேசைமீது முக்காலியைப் போட்டு ஏறி, மின்விசிறியை இறக்கை இறக்கையாகக் கழுவித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். தையல் இயந்திரம், அரிவாள்மணை, சைக்கிள் ஆகியவற்றுக்கு உரிய மரியாதை, அதிகாரி கொடுத்த விசிறிக்கு மட்டும் ஏன் இல்லாமல் போக வேண்டும் என்பது அவருடைய நியாயம். நோராவுக்கும் அதில் மறுப்பு ஏதும் இருக்கவில்லை. வீட்டுக்காரர்களின் பொருள், வீட்டுக்காரர்களின் பண்டிகை.

ஆனால் அன்று தொட்டு மின்விசிறி ஆடத் தொடங்கியது. சுழற்சி வேகம் பிடித்ததும் நெட்டுத் தண்டு முழுவதும் வட்டமிட்டு அசைந்தது. கொக்கியில் 'டக், டக்' என்று ஓர் ஒலி. எட்டடி அகல அறையில் கட்டிலை எங்கே நகர்த்தினாலும் அது விசிறிக்கு நேர் கீழேதான் இருந்தது. மல்லாந்து படுத்தால் இமை மூடவில்லை. இது எப்போது தலையில் விழும் என்று பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னது மனம். விசையை அணைத்தாலோ, தகரக்காரர் நேராகக் காதுக்குள் வந்து உட்கார்ந்து வாளி தட்டினார்.

ஐந்து நாட்கள் இவ்வாறு கழிந்தன. ஐந்து நாட்களையும் சேர்த்தால் ஒரு நல்ல உறக்கத்துக்கு ஈடான உறக்கம் அவளுக்கு வாய்த்திருக்காது.

ஆறாம் நாள் விடியற்காலை, பதினோராம் படுக்கைக் கிழவியம்மாவுக்கு அவுன்ஸ் கிளாஸில் மருந்தை ஊற்றி நீட்டினாள். கிழவியம்மா வாயருகே கொண்டுபோய், மூக்கைச் சுளித்தார்.

"தாயி, இது நேத்து என் முட்டிக்குத் தேச்சியே, அந்த வாசனையால்ல அடிக்குது?"

நோரா கிளாஸைப் பிடுங்காத குறையாக வாங்கி முகர்ந்தாள். மேலுக்குத் தடவும் தைலம். இரண்டு புட்டிகளும் ஒரே தட்டில்தான் இருந்தன. தைலம் இருந்தது நீலப் புட்டியில், தடவிப் பார்த்தாலே தெரியும்படி வரிவரியாக முண்டு வைத்தது. அந்த முண்டுகளைக்கூட அவள் கை அறியவில்லை. மேட்ரன் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மேட்ரன் கோபித்துக்கொள்ளவில்லை. அது இன்னும் கடினமாக இருந்தது. "நோரா, உன் கையை நம்பித்தான் மருந்து அலமாரிச் சாவியைக் கொடுத்திருக்கிறேன். இரவு டியூட்டி இன்னும் பத்து நாள் இருக்கிறது. முடியாது என்றால் மாலைக்குள் எழுதிக் கொடுத்துவிடு. இன்னொரு முறை அந்தக் கிழவி மோந்து பார்ப்பாள் என்று சொல்ல முடியாது."

எழுதிக் கொடுத்தால் வேலை நிரந்தரமாவது அதோடு நின்றுபோகும். அவளுக்கு முன்பு எழுதிக் கொடுத்த ஒருத்தி இன்றைக்கும் தற்காலிகமாகவே இருக்கிறாள். ஆயினும் பேருந்தில் வரும் வழியெல்லாம் நோரா நினைத்துக்கொண்டு வந்தது அதையன்று. மடியில் கிடந்த தன் வலது கையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள், வேறு யாருடைய கையோ போல.

வீட்டு வாசலில் கோவிந்தப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தயாராக நின்றிருந்தார். திருப்புளி, எண்ணெய்க் கிண்ணி, ஒரு துடைப்பக் குச்சி.

"வாங்க சிஸ்டரம்மா. இன்னிக்கு இதை ஒரு கை பாத்துடறது."

"நேத்தும் இதத்தான் சொன்னீங்க," என்றார் உள்ளேயிருந்து சின்னத்தாயி. "முந்தாநாளும் இதத்தான் சொன்னீங்க."

"முந்தாநாள் திருகாணி முடுக்கினேன். நேத்து கொக்கியைப் பாத்து எண்ணெய் விட்டேன். ஒவ்வொண்ணாத்தானே பாக்கணும்? எங்க தொரை சொல்லுவாரு, கோவிண்ட், ஒரே நாள்ல எல்லாத்தையும் கழட்டறவன் மிஸ்திரி இல்ல, திருடன்னு."

"உங்க தொரை சொன்னதெல்லாம் இங்கிலீஷ்ல. உங்களுக்குப் புரிஞ்சது பாதி. அந்தப் பாதியை வெச்சு என் வீட்டுல குப்பை கொட்டறீங்க."

நோரா செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி நின்றாள். "பெரியப்பா, நானே ஏறுறேன். உங்க கண்ணு சரியில்லை. நீங்க கீழ இருந்து சொல்லுங்க."

"ராத்திரி பூரா நின்னுட்டு வந்திருக்கீங்க…"

"அதனாலென்ன, இன்னும் கொஞ்சம் நிக்கிறேன்."

மெயினை அணைத்தார்கள். மேசைமேல் போட்ட முக்காலியில் ஏறியதும் அவள் தண்டைப் பிடித்துக்கொண்டாள். கோவிந்தப்பா சொன்னபடி, துடைப்பக் குச்சியின் ஒரு முனையை உத்தரத்தில் ஊன்றி, மறுமுனை முதல் இறக்கையின் நுனியைத் தொடுமளவுக்கு ஒடித்துக்கொண்டாள். பிறகு குச்சியை அசைக்காமல், இறக்கைகளை ஒவ்வொன்றாகக் கையால் சுற்றிக் கொண்டுவந்தாள். முதலாவது தொட்டது. இரண்டாவதும் தொட்டது. மூன்றாவதும் அதே இடத்தில் தொட்டது.

"மூணும் ஒரே மட்டம், பெரியப்பா."

"வளையல?"

"இல்லை."

கோவிந்தப்பாவின் முகம் வாடிவிட்டது. வளைந்திருந்தால் அவருக்குச் செய்யத் தெரியும். "அப்படின்னா இறக்கை இடம் மாறியிருக்கும். கழுவறப்ப ஒண்ணோட இடத்துல இன்னொண்ணை மாட்டியிருப்பா."

"நான் எங்க கழட்டினேன்? மாட்டியிருந்தபடியேதான் கழுவினேன்," என்று சின்னத்தாயி கதவருகே வந்து நின்றார். "சும்மா என் தலையிலயே கட்டாதீங்க. அஞ்சு நாளா இதே பேஜாரு. பூஜை பண்ணினது குத்தமா?"

"யாரு குத்தம்னா? ஆடுது. பூஜைக்கு முந்தி ஆடல. அவ்ளோதான் சொல்றேன்."

"அப்ப சாமி ஆடுதுன்னு வெச்சுக்குங்க."

வேறு நாளாயிருந்தால் நோரா சிரித்திருப்பாள். இன்று சிரிப்பு தொண்டைவரை வந்து, மேலே ஏற வலுவின்றித் திரும்பிப் போயிற்று. அவள் இறக்கைகளின் திருகாணிகளைக் கழற்றினாள். கழற்றிய திருகாணிகளை வாயில் கவ்விக்கொண்டு, ஒவ்வோர் இறக்கையாகக் கீழே கொடுத்தாள். கோவிந்தப்பா அவற்றைத் தரையில் விரித்த பழைய சேலைமீது, ஒன்று, இரண்டு, மூன்று என்று கரித்துண்டால் குறியிட்டு வரிசையாக வைத்தார்.

இறங்கி வந்து சேலையருகே உட்கார்ந்தவளுக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. அப்படியே அந்தத் தகட்டின்மேல் தலையைச் சாய்த்துவிடலாம்போல் இருந்தது. ஒருவேளை உண்மையிலேயே சாய்ந்துவிட்டாளோ என்னவோ. ஏனெனில் அடுத்து அவள் கண்ணில் பட்டது மூன்றாம் இறக்கையின் மேற்புறம், மிக அருகில். கழுவித் துடைத்த பளபளப்புக்கு நடுவே, நுனியிலிருந்து ஒரு சாண் தள்ளி, வட்டமாக ஒரு தடம். ஒரு காசின் அகலம். தடத்தின் விளிம்பில் மங்கிய வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினாள். நகக்கண்ணில் வந்தது மெழுகு.

"பெரியப்பா, இங்க ஏதோ ஒட்டியிருந்திருக்கு."

கோவிந்தப்பா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். மற்ற இரண்டு இறக்கைகளையும் திருப்பிப் பார்த்தார். அவற்றில் அப்படித் தடம் இல்லை. அவர் மெள்ள நிமிர்ந்தார்.

"பட்டாளத்து மிஸ்திரி ஒருத்தன் வருவான். கனம் கம்மியா இருக்கிற இறக்கைமேல ஏதாச்சும் ஒட்டிட்டுப் போவான். அந்தப் பக்கம் இந்தப் பக்கம் தூக்கு சரியாகணுமில்ல, தராசு மாதிரி? ஆனா நம்ம ஃபேனுக்கும் ஒட்டியிருந்தான்னு எனக்குத் தெரியாதே. அன்னிக்கு நான் ரஸல் மார்க்கெட் போயிருப்பேன்." பின்பு ஏதோ நினைவு வந்தவராகத் திரும்பினார். "ஏ சின்னத்தாயி. நீ கழுவறப்ப இதுல என்ன இருந்தது?"

இருவரும் கதவுப் பக்கம் பார்த்தார்கள். சின்னத்தாயி முந்தானை நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக நின்றார். நாற்பது ஆண்டு மணவாழ்க்கையில் அவர் சொல்லுக்குச் சொல் திருப்பிக் கொடுக்காத தருணம் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

"பெரியம்மா?" என்றாள் நோரா.

"அதை வாயால சொல்லக் கூடாதும்மா," என்றார் சின்னத்தாயி, தாழ்ந்த குரலில். "சொன்னா பலிக்காது."

"எது பலிக்காது?"

"உங்க வேண்டுதல்."

நோராவுக்குப் புரியவில்லை. உறக்கமின்மையால் சொற்கள் தாமதமாக வந்து சேர்கின்றனவோ என்று எண்ணி, அவர் சொன்னதை மனத்துக்குள் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். அப்போதும் புரியவில்லை.

"என் வேண்டுதலா?"

"அந்தக் காசு." சின்னத்தாயி வந்து எதிரே உட்கார்ந்தார். "பழைய காலணா. பெரிசு, ராசா தலை போட்டது. இறக்கைமேல மெழுகு வெச்சு ஒட்டியிருந்தது. நாங்க வேண்டிக்கிட்டா மஞ்சத் துணியில காசை முடிஞ்சு, கைக்கு எட்டாத எடத்துல கட்டுவோம். உங்க கோயில்ல எல்லாமே மெழுகுவத்திதானே? அதனால நீங்க மெழுகுல ஒட்டுவீங்கபோலன்னு நெனச்சேன். மேல ஒரு விரற்கடை தூசி. இவ வேண்டிக்கிட்டதையே மறந்துட்டாபோல இருக்குன்னு பயமாப் போச்சு."

"அப்புறம்?" என்றார் கோவிந்தப்பா.

"அப்புறமென்ன. இந்தப் பொண்ணு நைட் டூட்டிக்குப் போக ஆரம்பிச்சதுலேருந்து நாளுக்கு நாள் வாடிக்கிட்டே வருது. வேண்டுதலை மறந்தா அப்படித்தான் ஆகும். கேட்டுட்டா வேண்டுதல் கெட்டுப்போகும். அதான் யார்கிட்டயும் சொல்லாம, மறுநாள் காலையில பஸ் ஏறிப் போயி, மாதா கோயில் உண்டியல்ல போட்டுட்டு வந்தேன். 'நோராங்கற பொண்ணோட காசு, அதுக்கு ஒடம்பு நல்லா ஆகணும்'னு சொல்லித்தான் போட்டேன்."

கோவிந்தப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பட்டாளத்து மிஸ்திரி ஒட்டின காசைக் கொண்டுபோய்…" என்று கோவிந்தப்பா தொடங்கினார்.

"எனக்கென்ன தெரியும் மிஸ்திரி ஒட்டினான்னு? உங்களுக்கே தெரியலியே! பதினெட்டு வருஷம் பக்கத்துல இருந்தவரு!"

கோவிந்தப்பா கரித்துண்டை எடுத்து, மூன்றாம் இறக்கையின் குறியை இன்னொரு முறை அழுத்திப் போட்டார்.

சின்னத்தாயி நோராவின் கையைப் பற்றினார். "உங்களுக்கு நல்லதுன்னு நெனச்சுத்தான் தாயே… உங்க தூக்கத்தையே எடுத்துக்கிட்டுப் போயிருக்கேனே."

நோரா அந்தக் கையைப் பார்த்தாள். தனக்குத் தெரியாமல் தன் பெயருக்கு ஒருவர் பேருந்தேறிப் போய்க் காசு போட்டு வந்திருக்கிறார் என்பது அவள் மனத்தில் எங்கோ இறங்கியது. ஆயினும் அதை எடுத்துப் பார்க்க இப்போது தெம்பில்லை. மேட்ரன் கொடுத்த கெடு மாலைவரைதான்.

"பரவாயில்லை பெரியம்மா. அதே கனத்துக்கு இன்னொண்ணு ஒட்டினா ஆச்சு. இல்லையா, பெரியப்பா?"

அந்தச் சொல் கோவிந்தப்பாவுக்கு உயிர் கொடுத்தது. இறக்கைகள் மீண்டும் குறிப்படி மாட்டப்பட்டன. நோரா தன் தகரப் பெட்டியிலிருந்து மெழுகுவத்தி எடுத்து வந்தாள். அந்தப் பெரிய காலணா இப்போதெல்லாம் எளிதில் கிடைப்பதில்லை. நயா பைசா என்னும் புதுக் காசு வந்தே ஆறு மாதமாயிற்று. கோவிந்தப்பா தம் சட்டைப் பையிலிருந்து ஒரு புதுக் காசைக் கொடுத்தார். நோரா மெழுகைச் சொட்டவிட்டு, பழைய தடத்தின்மீதே அதை அழுத்தி வைத்து, கீழே இறங்கி, மெயினைப் போடச் சொன்னாள்.

மின்விசிறி சுற்றியது. ஆடியது. முன்பிருந்ததைவிட ஒரு நூல் குறைவாக ஆடியது என்று கோவிந்தப்பா சொன்னார். அது அவருக்கே நம்பிக்கையாக இல்லை.

"இது காசா, அப்பளமா?" என்றார் சின்னத்தாயி. "ஊதினாப் பறக்குது. இருங்க."

அவர் உள்ளே போய்ப் பூஜை மாடத்தில் ஏதோ உருட்டும் ஓசை கேட்டது. திரும்பி வந்தபோது உள்ளங்கையில் நடுவே துளையிட்ட பழைய காசுகள் மூன்று இருந்தன. ஒன்றின் துளையில் மஞ்சள் நூல் இன்னும் கோத்திருந்தது. அவர் பல்லால் அதைக் கடித்து அறுத்தார்.

"இது எதுக்கு முடிஞ்சது, பெரியம்மா? அதை எடுக்காதீங்க."

"இவருக்கு வாய்க்கொழுப்பு அடங்கணும்னு முடிஞ்சது. பத்து வருஷமாச்சு, பலிக்கல. எடுத்துக்குங்க."

நோரா மறுபடியும் ஏறினாள். அன்று அவள் எத்தனை முறை அந்த முக்காலியில் ஏறி இறங்கினாள் என்பது அவளுக்கே தெரியாது. ஒரு துளைக் காசு வைத்தாள், ஆட்டம் பாதியாயிற்று. அதன்மேல் இரண்டாவதை வைத்து, மெழுகைச் சுற்றிலும் வழியவிட்டாள். சுடுமெழுகு விரலில் விழுந்தது. அது சுடுகிறது என்பது அவளுக்குச் சற்றுக் கழித்தே தெரிந்தது. அந்தத் தாமதத்தைக் கண்டு அவளுக்கு மீண்டும் நீலப் புட்டியின் நினைவு வந்தது.

"இறங்கிட்டேன். போடுங்க."

விசை தட்டப்பட்டது. இறக்கைகள் ஒன்றையொன்று துரத்தின. பிறகு மூன்றும் சேர்ந்து ஒரே மங்கலான வட்டமாயின. தண்டு நேராக நின்றது. கொக்கியிலிருந்து ஒலியில்லை. மூவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கோவிந்தப்பா ரெகுலேட்டரை ஒவ்வொரு படியாகக் கூட்டி, முழு வேகத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். அப்போது வந்தது அந்த ஓசை: ஒரே சுரத்தில், தடங்கலின்றி, 'ஹ்ம்ம்' என்று.

"மூணாவது காசு?" என்று நோரா கையை நீட்டினாள்.

"அதை நானே வெச்சுக்கறேன். வாய்க்கொழுப்பு இன்னும் இருக்கே." சின்னத்தாயி காசை இடுப்பில் செருகிக்கொண்டார். "மேல இருக்கறதை இனிமே எவளாவது எந்தக் கோயிலுக்காவது எடுத்துக்கிட்டுப் போனா, காலை ஒடிச்சிடறேன்."

"அந்த எவ நீதானே," என்றார் கோவிந்தப்பா.

"சரி, என் காலைத்தான்."

அவர்கள் முக்காலியையும் மேசையையும் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு போனார்கள். சத்தமில்லாமல் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். கதவை மூடும்போது சின்னத்தாயி மட்டும் தலையை நீட்டி நின்றார்.

"ஒரு சந்தேகம், நர்ஸம்மா. நீங்க ஒண்ணும் வேண்டிக்கல. அப்ப நான் போட்ட காசு யாரு கணக்குல சேரும்? மாதா தப்பா எடுத்துக்க மாட்டாளே?"

"என் பேரைச் சொல்லித்தானே போட்டீங்க, பெரியம்மா? அது எனக்கே இருக்கட்டும்."

சின்னத்தாயி அதைச் சிறிது யோசித்து, ஏற்றுக்கொண்டவராகத் தலையசைத்துக் கதவைச் சாத்தினார். தெருவில் அவர் குரல் கேட்டது. தகரக்காரரிடம் வாளியைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய்த் தட்டும்படி, பணிவோடு தொடங்கி அதட்டலில் முடித்துக்கொண்டிருந்தார். அதற்குள் முனகல் அதன்மேல் படர்ந்து மூடியது.

நோரா சீருடையைக்கூட மாற்றாமல் படுத்தாள். தலைக்கு நேர் மேலே, இறக்கையின் முதுகில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இரண்டு துளைக் காசுகள் சுற்றிக்கொண்டிருந்தன. இம்முறை அது விழுமா என்று அவள் பார்க்கவில்லை. வலது கையைத் தூக்கி மார்பின்மேல் வைத்துக்கொண்டாள்.

வழக்கமாக மக்கள் முதலில் வேண்டிக்கொள்வார்கள். பிறகு, எல்லாம் நல்லபடி முடிந்தால், காசு செலுத்துவார்கள். தன் விஷயத்தில் அது தலைகீழாக நடந்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது. காசு முன்கூட்டியே சேர்ந்துவிட்டது. இனி வேண்டுதலைச் சொல்ல வேண்டியது ஒன்றுதான் பாக்கி.

சொல்லத் தொடங்கினாள். இன்னும் பத்து இரவுகள் என்றாள். பதினோராம் படுக்கை என்றாள். என் கை எடுக்கிற புட்டி எதுவென்று என் கைக்குத் தெரிய வேண்டும், தாயே, அதற்கு மேல் ஒன்றும்…

வாக்கியம் முடியவில்லை. மார்பின்மேல் இருந்த கை தளர்ந்து, மெள்ள வழுக்கிக் கட்டிலின் ஓரத்தில் இறங்கியது.